எதிர் வெப்ப விரிவு

ஆங்கிலத்தில் 'நெகட்டிவ் தெர்மல் எக்ஸ்பான்ஷன்' எனப்படுவதைச் சிலர் 'வெப்பச் சுருக்கம்' என்று எழுதிவிடுகின்றனர். அது எளிய சொல்தான் என்றாலும், படிப்பவர் அதைக் குளிரும்போது கம்பி சுருங்குவதாகவே கொள்வார். இங்கே குறிக்கப்படுவதோ சூடேறும்போது நிகழும் சுருக்கம்.

'தெர்மே' என்பது கிரேக்கத்தில் வெப்பம். 'எக்ஸ்பாந்தெரே' என்பது இலத்தீனில் வெளிநோக்கி விரித்தல். 'நெகட்டிவ்' என்பதன் வேரான 'நெகாரே' மறுத்தலைக் குறித்தாலும், இங்கே மறுப்பு எதுவும் இல்லை. ஒரு பாகை சூடேறினால் பொருள் எத்தனை பங்கு விரியும் என்பதைச் சொல்லும் எண்ணான விரிவுக் குணகத்தின் முன் கழித்தற்குறி நிற்கிறது, அவ்வளவே. 'வாரான்' போன்ற வினைக்கு இலக்கணம் வழங்கிய 'எதிர்மறை'யைவிட, 'எதிர்' என்பதே இதற்குப் பொருத்தம் என்பது என் துணிபு. இலங்கை வழக்கிலுள்ள 'விரிகை'யும் நல்ல சொல்லே.

0 பாகையிலிருந்து 4 பாகை செல்சியசு வரை சூடாக்கினால் நீர் சுருங்குவது பலரும் அறிந்தது. சிர்கோனியம் தங்குதேற்று என்னும் சேர்மம் அறை வெப்பநிலைக்கு மிகக் கீழிருந்து பல நூறு பாகை வரை எல்லாத் திசைகளிலும் சமமாகச் சுருங்குவதை ஆய்வாளர்கள் 1996இல் அறிவித்தனர். கரிமப் படிகங்களின் போக்கு வேறு. அவற்றுள் சில ஓர் அச்சில் சுருங்கிக்கொண்டே மற்ற அச்சுகளில் பெரிதும் விரிவதால், மொத்தப் பருமன் கூடவே செய்கிறது. தென்னாப்பிரிக்காவின் இசுடெல்லன்போசுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் ஒரு சிறிய கரிம மூலக்கூறின் படிகத்தில் இத்தகைய மிகப் பெரிய மாற்றத்தைக் காட்டினர்.

கடை வாசலில் உள்ள மடக்கு இரும்புக் கதவை இழுத்துப் பாருங்கள். குறுக்குப் பட்டைகளின் நீளம் மாறுவதில்லை; ஆணிகளைச் சுற்றி அவை திரும்ப, ஒவ்வொரு சாய்சதுரமும் அகன்று உயரத்தில் குறைகிறது. இப்படிகங்கள் பலவற்றிலும் மூலக்கூறுகள் பட்டைகளைப் போலவும், அவற்றைப் பிணைக்கும் நலிந்த ஐதரசன் பிணைப்புகள் ஆணிகளைப் போலவும் இயங்குகின்றன. வெப்பம் சாய்கோணத்தை மாற்றுகிறது. எஃகின் நீள்விரிவுக் குணகம் ஒரு பாகைக்குப் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு. இவ்வகைப் படிகங்கள் சிலவற்றில் அது 100ஐத் தாண்டும்.

ஆகவே, 'சுருக்கம்' என்று மட்டும் எழுதினால் படிகம் முழுவதும் சிறுத்ததாகப் பொருள்பட்டுவிடும். எல்லாத் திசைகளிலும் சுருங்குவதை 'எதிர் வெப்ப விரிவு' என்றும், ஓர் அச்சில் மட்டும் சுருங்குவதை 'ஓரச்சு எதிர் வெப்ப விரிவு' என்றும், திசைக்குத் திசை குணகம் வேறுபடுவதைத் 'திசையொவ்வா வெப்ப விரிவு' என்றும் வழங்கலாம்.