எஞ்சின் சத்தம் தெரிந்த பெரியவரும் சட்டைப்பையில் இருக்கும் போனும்

பாம்பன் கரையில் விடிவதற்கு முன் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கடை பல்பு வெளிச்சத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் தலையை நிமிர்த்தாமலே, "மருமகன் வல்லம் வருது" என்றார். கடலில் படகு எதுவும் தெரியவில்லை. எஞ்சின் சத்தத்தை வைத்தே சொல்லிவிட்டார்.

நம் போனும் இப்படித்தான் நம்மைக் காட்டிக்கொடுக்கிறது. வைஃபை ஆனில் இருந்தால், எதிலும் இணையாமல் சட்டைப்பையில் கிடக்கும்போதும் "பக்கத்தில் யாராவது இருக்கீங்களா?" என்று அவ்வப்போது சிக்னல் விடும். அதில் மேக் முகவரி என்ற 48 பிட் எண் ஒட்டியிருக்கும். ஒரு சின்ன ரிசீவர் வைத்திருப்பவர் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும்: எப்போது வந்தீர்கள், எவ்வளவு நேரம் நின்றீர்கள், மறுபடி என்று வந்தீர்கள் எல்லாம் தெரியும். 2013இல் லண்டனில் குப்பைத்தொட்டிகளே இந்த வேலையைப் பார்த்தன; எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தினார்கள்.

2014இல் ஐபோனின் மென்பொருளான ஐஓஎஸ் 8, வைஃபை தேடும்போது பொய் எண்ணைச் சொல்லத் தொடங்கியது. ஆண்ட்ராய்டும் பின்னால் வந்தது. சரி, பிரச்சினை தீர்ந்ததா? படகின் நம்பரை மாற்றி எழுதினால் எஞ்சின் சத்தம் மாறிவிடுமா என்ன! போன் எந்தெந்த வேகங்களில் பேசும், அதை எந்த வரிசையில் சொல்லும், அடுத்தடுத்த சிக்னல்களின் வரிசை எண் என்ன என்பதெல்லாம் சேர்ந்து ஓர் அடையாளம் ஆகிவிடும். எண் மாறினாலும் அதே போன்தான் என்று பல சமயம் பிடித்துவிடலாம் என 2017இல் அமெரிக்கக் கடற்படை அகாடமி ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

பழைய போன்கள் இன்னும் மோசம். முன்பு இணைந்த வைஃபைகளைப் பெயர் சொல்லியே கூப்பிடும். கீழக்கரைக்காரர் ஒருவரின் போன், துபாய் கம்பெனி, மண்ணடி லாட்ஜ், மாமனார் வீடு என்று வரிசையாகச் சொன்னால் அவர் கதையில் பாதி தெரிந்துவிடும். புது போன்கள் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை, ஒரு விஷயத்தைத் தவிர. வீட்டு வைஃபை பெயரைப் பாதுகாப்புக்கென்று மறைத்து வைக்கிறோமே, அதைத் தேட போனுக்கு வேறு வழியில்லை. போகிற இடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். மறைக்கப் போய் ஊரெல்லாம் கூவிய கதை!

மறைப்பை எடுத்துவிடுங்கள், பழைய லாட்ஜ் வைஃபைகளை அழித்துவிடுங்கள். வெளியே கிளம்பும்போது வைஃபையை அணைக்கலாம்தான். ஆனால் ஆண்ட்ராய்டில் அதை அணைத்தாலும், லொகேஷன் அமைப்புக்குள் 'வைஃபை ஸ்கேனிங்' என்று தனியாக ஒன்று ஆனிலேயே இருக்கலாம். டீ ஆறுவதற்குள் தேடிப் பார்த்தேன். என் போனிலும் ஆனில்தான் இருந்தது.