ஷிப்ட் என்றால் முறை

மில்லில் வேலை பார்ப்பவரிடம் இந்த வாரம் எந்த ஷிப்ட் என்று கேட்டால், 'அரை நைட்டு' அல்லது 'முழு நைட்டு' என்பார். 'ஷிப்ட்' என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் பங்கிடுதல், ஒழுங்குபடுத்துதல் என்றுதான் பொருள். இடம் மாற்றுவது பின்னால் வந்தது, வேலை நேரம் அதற்கும் பின்னால்.

ஷிப்ட் வேலையைப் பத்திரிகைகள் 'சுழற்சிப் பணி' என்று எழுதுகின்றன. எனக்கு அது பிடிப்பதில்லை. நிரந்தரமாக இரவில் வருகிற வாட்ச்மேனுக்குச் சுழற்சி ஏது? நம்மிடம் 'முறை' இருக்கிறது. பெரியாறு கால்வாயில் மேலூர்ப் பக்கம் முறை வைத்துத்தானே தண்ணீர் விடுகிறார்கள்? கோயில் பட்டர்களுக்கும் பூசை முறை உண்டு. இரண்டுமே பங்கீடு. ஆகவே முறைப்பணி. யாருக்கு எந்த முறை என்று எழுதி ஒட்டும் தாள் முறைப்பட்டியல்.

வாரத்து வேலையை நாலு நாளில் அடைப்பதைச் 'சுருக்கிய வாரம்' எனலாம். 'சுருக்கு வாரம்' வேண்டாம், கயிறு ஞாபகம் வருகிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வைத்த வரம்பு, நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி. 12 மணி வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பவே, மே தினத்தன்று முதல்வர் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்.

சரி, கணக்குக்கு வருவோம். வாரம் முழுக்க ஓடும் மில்லில் 12 மணி முறை வைத்தால் வாரத்துக்கு 14 முறை. 48 மணி வரம்புப்படி ஒருவர் நாலு முறைதான் வரலாம் என்றால், ஒவ்வொரு இடத்துக்கும் நாலு பேர் வேண்டும். நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றும் டாஃபர்கள் கிடைத்துவிடுவார்கள். மெஷினைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர் மூன்று பேர்தான் என்றால், இரண்டு பேர் ஐந்தாவது முறையும் வந்தாக வேண்டும், அதாவது 60 மணி. அவசரத்துக்கு ஃபிட்டர் டாஃபர் வேலையைப் பார்த்துவிடுவார். டாஃபரை ஃபிட்டர் இடத்தில் நிறுத்த முடியாது. அதனால் பட்டியலை மேல்திறன் ஆட்களிலிருந்து போட்டுக்கொண்டு வருவதே நல்லது. தலையை மட்டும் எண்ணிப் போட்டால், ராத்திரி மெஷின் நின்றபிறகுதான் ஓட்டை தெரியும்.

ஆள் வராத அன்று நிற்பவர் பதிலி. 'பதில்' அரபியிலிருந்து வந்த சொல். மில்காரர்கள் வாயில் ஊறிப்போனது, அதை மாற்ற வேண்டியதில்லை.