எல்பிஜி டேங்க்ல சிஎன்ஜி புடிக்க முடியாதுங்க

பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறைல வண்டிகளுக்கு கேஸ் கிட் மாட்டுற வேலை பார்க்கிறேன். நேத்தும் ஒரு ஆட்டோக்காரர் வந்து, அண்ணே டேங்க் நல்லாத்தானே இருக்கு, வாயை மட்டும் மாத்திட்டு இதுலயே சிஎன்ஜி புடிச்சுக்கலாமான்னு கேக்குறாரு. எத்தனை பேருக்குத்தான் சொல்றது! எல்பிஜி டேங்க்ல இருக்கிறது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம், நல்ல வெயில்ல கூட அழுத்தம் 20 பாரைத் தாண்டாது. சிஎன்ஜி 200 பார்ல அடைக்கிற மீத்தேன். அந்தத் தகட்டுல அதை ஏத்துனா டேங்க் வெடிக்கும், பங்க்ல நிக்கிறவங்களும் சேர்ந்து போவாங்க.

இதை விட எனக்கு கோவம் வர்றது இன்னொண்ணு. 200 பார்னா பயமா இருக்குங்க, எல்பிஜி வீட்ல இருக்கிறதுதானே, அதுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றாங்க பாருங்க, அதுதான். அழுத்தம் வேற, கசிஞ்சா என்ன ஆகும்ங்கிறது வேற. மீத்தேன் காத்துல பாதி எடைதான், கசிஞ்சா மேல ஏறி திறந்த இடத்துல கலைஞ்சிரும், மூடுன ஷெட்டுன்னா கூரைக்கடியில நிக்கும், அதனால மேல ஜன்னல் வேணும். எல்பிஜி காத்தை விட ஒன்றரை மடங்குக்கு மேல கனம், தரையோட ஓடி பிட்டுலயும் (வண்டிக்கு அடியில இறங்கி வேலை பார்க்கிற குழி) சாக்கடையிலயும் தேங்கும், ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் கேஸாகும், காத்துல 2% கலந்தாலே பத்திக்கும், மீத்தேனுக்கு 5% வேணும். இங்க பாலக்காட்டுக் கணவாய்க் காத்து நல்லா அடிக்குதேன்னு நம்பாதீங்க, அது பிட்டுக்குள்ள அடிக்காது.

ஒரே அளவு டேங்க்ல எல்பிஜி சிஎன்ஜியை விட ரெண்டு மடங்குக்கு மேல தூரம் ஓட்டும், உண்மைதான். டிக்கில இடமும் மிச்சம். இருந்தாலும் வேலந்தாவளம் வழியா டெய்லி கோயமுத்தூர் போயிட்டு வர்ற வேனுக்கு, ரூட்ல பங்க் இருந்தா நான் சிஎன்ஜிதான் சொல்வேன். ஏன்னா எல்பிஜி வண்டி வெச்சிருக்கிறவங்க கையி வீட்டு 14.2 கிலோ சிலிண்டர் பக்கம் போயிருது. அதுல இருந்து வண்டிக்கு கேஸ் ஏத்துறது சட்டப்படி குத்தம், அதோட வீட்டுக்குள்ள வெச்சு ஏத்துறப்ப ஹோஸ்ல இருந்து சிந்துறதெல்லாம் அந்த ரூம் தரையிலயே கிடக்கும். புள்ளைங்க பாய் விரிச்சுப் படுக்கிற இடம்ங்க, தயவு செஞ்சு செய்யாதீங்க.

வாசனை வந்தா சுவிட்சைத் தொடாதீங்க, சாவி போடாதீங்க, டேங்க் வால்வை மூடி வண்டிய வெளிய தள்ளுங்க. வீட்டு சிலிண்டர் கசிவுக்கு 1906. சிஎன்ஜி சிலிண்டரை மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணிய அழுத்தி ஏத்தி சிலிண்டர் தாங்குதான்னு பாக்குறது) பண்ணணும், பிளேட்ல தேதி இருக்கு பாருங்க. அந்தத் தேதி தாண்டுன வண்டில நான் ஸ்பேனர் வெக்க மாட்டேன், கெஞ்சினாலும் சரி.