ஐ.டி.ஐ. கோபா: எந்த வேலைக்கு உதவும், எதற்கு உதவாது

பத்தாவது முடித்துவிட்டு ஆபீஸ் வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு அரசு ஐ.டி.ஐ.யில் உள்ள டிரேடு (தொழிற்பிரிவு) கோபா. கம்ப்யூட்டர் ஆபரேட்டர் அண்ட் புரோகிராமிங் அசிஸ்டென்ட் என்பது முழுப்பெயர். ஓராண்டில் 1200 மணி நேரம். அதில் 840 மணி செய்முறை. ஒரு யூனிட்டுக்கு, அதாவது ஒரு வகுப்புப் பிரிவுக்கு, 24 பேர்.

தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.களில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பாடநூல், காலணி, பஸ் பாஸ் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்து வந்தவர்கள் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். இது 750-க்கு மேல் வருவது. பள்ளியில் எமிஸ் எண்ணை (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எண்) கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

14 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆண்களுக்கு 40 வரை. பெண்களுக்கு உச்ச வரம்பு இல்லை. பத்தாவது முடிவு வந்த கையோடு வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் இணையதளத்தில் விண்ணப்பம் திறக்கும். ஒரே ஒரு ஐ.டி.ஐ.யை மட்டும் விருப்பமாகக் கொடுத்துவிட்டு இடம் கிடைக்காமல் போகிறவர்கள் அதிகம், சுற்றுவட்டார ஐ.டி.ஐ.களையும் சேர்த்துக் கொடுங்கள். கலந்தாய்வு முடிந்தும் காலியிடம் இருந்தால் நேரடிச் சேர்க்கை நடக்கும். மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரும் இனிஷியலும் ஆதாரில் அப்படியே இருக்கின்றனவா என்று சேரும் முன்பே பாருங்கள். முரண்பாடு சான்றிதழில் ஏறிவிட்டால் திருத்துவதற்குள் வேலைக்கான கடைசித் தேதி போய்விடும்.

பாடத்தில் வேர்டு, எக்செல், பவர்பாயின்ட், டேட்டாபேஸ், நெட்வொர்க், எச்.டி.எம்.எல்., ஜாவாஸ்கிரிப்ட் என்று நிறைய உண்டு. ஆபீஸில் முதல் நாளே கேட்கப்படுவது எக்செல்லும், ஒரே கடிதத்தைப் பட்டியலில் உள்ள ஒவ்வொருவர் பெயருக்கும் தயாரிக்கும் மெயில் மெர்ஜும்தான். எக்செல்லில் வழக்கமாகத் தடுக்கும் இடம் ஒன்று: வரி விகிதம் பி1 கட்டத்தில் இருக்கும். ஃபார்முலாவைக் கீழே இழுத்தால் பி1 என்பது பி2, பி3 என்று நகர்ந்து, மொத்தக் கணக்கும் தப்பாகிவிடும். பி-க்கு முன்னும் 1-க்கு முன்னும் டாலர் குறி போட்டால் நகராது. மெயில் மெர்ஜில் பெயர்ப் பட்டியலின் முதல் வரிசையில் தலைப்பு இல்லாவிட்டால், முதல் ஆளின் பெயரையே தலைப்பாக எடுத்துக்கொள்ளும்; அவருக்குக் கடிதமே வராது.

தேர்ச்சிக்குச் செய்முறையில் 60 சதவீதமும் தியரியில் 33 சதவீதமும் வேண்டும். தியரி கம்ப்யூட்டரில் எழுதும் தேர்வு. 'செய்முறை மார்க் எப்படியும் போட்டுவிடுவார்கள்' என்று மெத்தனமாக இருப்பவர்கள் அந்த 60-ஐக் கவனிக்க வேண்டும்.

முடித்த பிறகு பலர் கோட்டைவிடுவது, நிறுவனத்திலேயே வேலை பழகும் அப்ரண்டிஸ் வாய்ப்பை. ரயில்வே, என்.எல்.சி. போன்ற நிறுவனங்களின் அறிவிப்புகளில் கோபா என்று தேடினால் பட்டியலில் சிக்காமல் போகலாம். அங்கே டிரேடின் பெயர் பல நேரம் 'பாசா' (புரோகிராமிங் அண்ட் சிஸ்டம்ஸ் அட்மினிஸ்ட்ரேஷன் அசிஸ்டென்ட்); தகுதிக் கட்டத்தில்தான் கோபா இருக்கும். அப்ரண்டிஸ் பயிற்சிக் காலத்தில் சட்டப்படி மாத உதவித்தொகை உண்டு.

டி.என்.பி.எஸ்.சி. தட்டச்சர் பதவி தனி வழி. அதற்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சுத் தேர்ச்சி வேண்டும். இரண்டில் ஒன்றாவது ஹையர் (முதுநிலை). கூடவே தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்தும் சி.ஓ.ஏ. (கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன்) சான்றிதழும். சி.ஓ.ஏ. இல்லாமலும் விண்ணப்பிக்கலாம், தேர்வானால் தகுதிகாண் பருவத்துக்குள் வாங்கிவிட வேண்டும். கோபா சான்றிதழைக் காட்டி இதைத் தாண்டலாம் என்று யாராவது சொன்னால், பணம் கட்டுவதற்கு முன் அறிவிப்பின் தகுதிப் பகுதியை ஒருமுறை நீங்களே படித்துவிடுங்கள். தெருமுனை சென்டர்கள் தரும் டி.சி.ஏ. (டிப்ளமா இன் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்) சான்றிதழும் கோபாவுக்கோ சி.ஓ.ஏ.வுக்கோ ஈடாகாது.

பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாமாண்டு என்பது இரண்டு வருட டிரேடு படித்தவர்களுக்கு உரியது. கோபா ஒரு வருடம்தான். அந்த எண்ணத்தோடு சேர்வதாக இருந்தால் வேறு டிரேடு பாருங்கள்.