பார்த்தும் கண்ணில் படாத பைக்

"இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் காரை எடுத்தேன். சாலை காலியாகத்தான் இருந்தது. அப்புறம் அந்த பைக் எங்கிருந்து வந்தது?" என்று ஒரு வாசகர் கேட்டு எழுதியிருந்தார். நல்லவேளையாக, பைக்கில் வந்தவர் சிராய்ப்போடு தப்பிவிட்டார். பார்க்காமலே வண்டியை எடுத்துவிட்டுப் பொய் சொல்கிறார் என்று சிலர் சொன்னார்களாம். நேரம் சரியில்லை என்று வேறு சிலர் சமாதானம் சொன்னார்களாம். இரண்டுமே தவறு என்பது என் கருத்து. அவர் உண்மையிலேயே பார்த்திருப்பார், பைக் உண்மையிலேயே அவருக்குத் தெரியாமல் போயிருக்கும்.

இது அபூர்வமான சம்பவமும் இல்லை. தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் குழு சுமார் 900 பைக் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டது. பைக்கும் இன்னொரு வாகனமும் மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு, அந்த இன்னொரு வாகனம் பைக்குக்கு வழிவிடாததால் நடந்தவை. பைக்கைக் கவனிக்கவே இல்லை, அல்லது மிகத் தாமதமாகக் கவனித்தோம் என்பதே பெரும்பாலான ஓட்டுநர்கள் சொன்ன காரணம்.

வேகம், பிரேக் தூரம் எல்லாம் நீங்கள் அறிந்ததுதான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறோம். ஆபத்தை உணர்ந்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகிறது என்று கொண்டால், அதற்குள் 25 மீட்டர் கடந்துவிடும். வேகம் இரட்டித்தால் நிற்கத் தேவையான பிரேக் தூரம் நான்கு மடங்காகும். ஆனால் இந்தக் கணக்கெல்லாம் ஆபத்து கண்ணில் பட்ட பிறகுதான் தொடங்குகிறது. கண்ணில் படாமலே போவது எப்படி என்பதுதான் எனக்குப் பெரிய அதிசயம்.

விழித்திரையின் நடுவில் மையக்குழி என்ற சிறு பகுதி இருக்கிறது. கூர்மையான பார்வை அங்கே மட்டும்தான். கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் எவ்வளவு இடத்தை மறைக்குமோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான் அதன் பரப்பு. மற்ற இடமெல்லாம் மங்கல். இருட்டறையில் டார்ச் அடித்துத் தேடுவதுபோல, கண் அந்தச் சிறு வட்டத்தை இங்கும் அங்கும் வைத்து வைத்துத்தான் உலகத்தைப் பார்க்கிறது. நொடிக்குச் சுமார் மூன்று முறை தாவுகிறது. இந்தத் தாவலுக்கு 'சக்காட்' என்று பெயர். நாம் செய்யும் அசைவுகளிலேயே மிக வேகமானவற்றில் இதுவும் ஒன்று.

இவ்வளவு வேகமாகக் கண் திரும்பும்போது காட்சி முழுக்க இழுபட்டுக் கலங்கித் தெரிய வேண்டும் அல்லவா? தெரிவதில்லை. தாவல் தொடங்குவதற்குச் சற்று முன்பிருந்து முடியும் வரை மூளை பார்வையைப் பெரிதும் தணித்துவிடுகிறது. இதை நீங்களே சோதிக்கலாம். நிலைக்கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணைப் பாருங்கள். உடனே வலது கண்ணைப் பாருங்கள். மாறி மாறிப் பாருங்கள். உங்கள் கண்கள் அசைவதை உங்களால் ஒருமுறைகூடப் பார்க்க முடியாது! பக்கத்தில் நிற்பவருக்கோ நன்றாகத் தெரியும். பென்னோ எர்ட்மன், ரேமண்ட் டாட்ஜ் என்ற இருவர் 1898இலேயே இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். கண்ணாடிக்குப் பதில் கைபேசியின் முன்கேமராவில் செய்து பார்த்தால் கண் அசைவது தெரியும். திரைக்குப் படம் வருவதில் ஒரு சிறு தாமதம் இருப்பதால், தாவல் முடிந்த பிறகுதான் அந்தக் காட்சி நம் கண்ணுக்கு வந்து சேர்கிறது.

பார்வை தணிந்த அந்தக் கணங்கள் நமக்கு இருட்டாகத் தோன்றினாலாவது உஷாராகிவிடுவோம். மூளை அதற்கும் இடம் கொடுப்பதில்லை. கண் போய் நின்ற இடத்தில் தெரிந்த காட்சியை, தாவிய நேரத்துக்கும் சேர்த்து நீட்டிக் காட்டிவிடுகிறது. நொடிமுள் உள்ள கடிகாரத்தைச் சட்டென்று பார்த்தால் முள் ஒரு கணம் நின்றுவிட்டதுபோலத் தோன்றுமே, அது இதனால்தான். நமக்குக் கிடைப்பது இடைவெளியே இல்லாத, முழுசான ஒரு காட்சி. இந்த ஏற்பாட்டைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. நடந்துகொண்டிருக்கும் ஓர் உயிருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் மணிக்கு 60 கிலோமீட்டரில் எதிரே வருவதைக் கவனிக்க இது உருவானதல்ல.

சந்திப்பில் தலையை வேகமாக இப்படியும் அப்படியும் திருப்புகிறோம். ஒரு பக்கத்தில் கண் நின்று பார்த்தது இரண்டு மூன்று இடங்களைத்தான். லாரி அகலமானது, எங்காவது அகப்பட்டுவிடும். பைக் ஒல்லியானது, கண்ணின் இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே விழுந்துவிடும். மூளையோ "சாலை காலி" என்று தயங்காமல் சொல்லிவிடும்.

இதோடு பள்ளி வடிவியலும் சேர்ந்துகொள்கிறது. இரண்டு நேர்ச்சாலைகள் வெட்டிக்கொள்கின்றன, இரண்டு வண்டிகள் சீரான வேகத்தில் ஒரே நேரத்தில் சந்திப்பை அடையப் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். சந்திப்பிலிருந்து இரண்டின் தூரமும் ஒரே விகிதத்தில் குறையும். இரண்டு வண்டிகளையும் சந்திப்பையும் கோடுகளால் இணைத்தால் ஒவ்வொரு கணமும் கிடைப்பது வடிவொத்த முக்கோணம், அதாவது சுருங்கினாலும் வடிவம் மாறாதது, ஆகவே கோணம் மாறாது. அதனால் மோதப்போகும் வண்டி உங்கள் காரின் முன்கண்ணாடியில் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும். ஓரப்பார்வை அசைவைத்தான் நன்றாகப் பிடிக்கும், அசையாததை விட்டுவிடும். அந்த ஒரே இடம் முன்கண்ணாடியை ஒட்டிக் கூரையைத் தாங்கும் தூணுக்குப் பின்னால் அமைந்துவிட்டால் கதை முடிந்தது. கண்ணிலிருந்து 70 செ.மீ. தூரத்தில் இருக்கும் 10 செ.மீ. தூண், 50 மீட்டருக்கு அப்பால் இரண்டு மீட்டருக்கும் அதிகமான அகலத்தை இரண்டு கண்களிடமிருந்தும் மறைத்துவிடும். ஒரு பைக் முழுசாக உள்ளே போய்விடும். இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் ஐப்லி கிராஸ் என்ற சந்திப்பு மரமோ வீடோ மறைக்காத திறந்த வெளியில் இருக்கிறது. அங்கேயே 2011இலும் 2016இலும் கார் மோதி சைக்கிள் ஓட்டிகள் இறந்தார்கள். இப்படித் திரும்பத் திரும்ப விபத்து நடக்கும் இடங்களுக்குப் பேய்க்கதை கட்டுவது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. சாலைகள் வெட்டும் கோணத்தை அளந்து பார்த்தால் உயிர்கள் மிஞ்சும். மோதிய பிறகு காப்பாற்றும் காற்றுப்பைகளை ஆராயக் கொட்டும் பணத்தில் ஒரு பங்காவது, மோதும் முன் கண் என்ன செய்கிறது என்ற ஆய்வுக்கும் அதை ஓட்டுநர் பயிற்சியில் சேர்ப்பதற்கும் போக வேண்டும்.

விமானிகளுக்கு இது பாடமாகவே உண்டு. வானத்தைத் துடைத்தாற்போல் ஒரே வீச்சில் பார்க்கக் கூடாது, பத்து டிகிரிக்கு மேல் தாவாமல் ஒவ்வொரு பகுதியிலும் ஒரு நொடியாவது கண்ணை நிறுத்த வேண்டும் என்று கற்றுக்கொடுக்கிறார்கள். சாலையிலும் அதையே செய்யலாம். அருகே, நடுவே, தொலைவே என்று ஒவ்வொரு பக்கமும் மூன்று இடங்களில் கண்ணை நிறுத்துங்கள். பிறகு மறுபக்கம். பிறகு முதல் பக்கத்தை இன்னொரு முறை, இந்தத் தடவை வேறு இடங்களில். உடம்பை முன்னே சாய்த்து, பின்னே சாய்த்து, தூணுக்குப் பின்னால் இருப்பதையும் பார்த்துவிடுங்கள். சந்திப்பை நெருங்கும்போது வேகத்தைக் கொஞ்சம் மாற்றினாலே அந்த வடிவொத்த முக்கோணம் கலைந்துவிடும், மறைந்திருந்தது வெளியே வரும்.

பைக் ஓட்டுபவர் பகலிலும் முகப்பு விளக்கைப் போடலாம். கார் ஒன்று வெளியே வரக் காத்திருப்பது தெரிந்தால், தன் தடத்துக்குள்ளேயே மெல்ல ஒரு பக்கம் நகரலாம். அசையும் பொருள் ஓரப்பார்வையில் மாட்டும். கார்க்காரர் உங்கள் பக்கம் முகத்தைத் திருப்பினார் என்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள், அந்தக் காரின் சக்கரத்தைப் பாருங்கள்.

சரி, இதெல்லாம் அவசரத்தில் நினைவுக்கு வருமா? வராது, பழக்கமாக இருந்தால்தான் வரும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் தானாக நடக்கும் அளவுக்குப் படிய எடுத்த காலத்தின் இடைநிலை அளவு 66 நாள், அதாவது பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம். சிலருக்கு 18 நாளே போதும், சிலருக்கு 250 நாளுக்கும் மேல் ஆகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிதாகக் கெடுவதில்லை. அவர்கள் செய்தது, புதிய செயலை ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒன்றோடு கட்டிப்போட்டதுதான். ஓட்டுநருக்கு அப்படி ஒன்று கையோடு, இல்லை, காலோடு இருக்கிறது. சந்திப்பில் பிரேக்கை மிதிக்கும் அந்தக் கணத்தில் கண்ணின் முதல் நிறுத்தத்தைத் தொடங்குங்கள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போகும் நாட்களிலும் இதைப் பழகலாம்.