மதுரைக்குச் சரி, சேலத்துக்குத் தவறு

‘சேலம்க்கு 2 டிக்கெட்கள் பதிவு செய்யப்பட்டது.’

நான் தமிழாக்கத்துக்கு உதவிய ஒரு பேருந்து முன்பதிவுத் தளத்தில் வந்த வரி இது. ஒரே வரியில் இரண்டு பிழைகள். ஆனால் அன்று காலை ஓட்டிய யூனிட் டெஸ்ட் எல்லாமே பாஸ். டெஸ்ட் எழுதியவர் ஊருக்கு ‘மதுரை’ என்றும் எண்ணிக்கைக்கு 1 என்றும் கொடுத்திருந்தார். ‘மதுரைக்கு 1 டிக்கெட் பதிவு செய்யப்பட்டது’ என்று வந்தால் யார்தான் குறை சொல்வார்கள்?

பல மொழிகளில் இயங்கும் தளத்தின் நிரலுக்குள் வாக்கியங்கள் இருப்பதில்லை, ‘கீ’ எனப்படும் அடையாளச் சொற்கள்தான் இருக்கும். வாக்கியங்கள் மொழிக்கு ஒரு கோப்பில் தனியாக இருக்கும். 1990-களிலிருந்து புழக்கத்தில் உள்ள கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கருவியில் ஆங்கில வாக்கியமே பெரும்பாலும் கீயாகிவிடும். பயனர் தமிழைத் தேர்ந்தெடுத்தால், நிரல் அந்தக் கீயைத் தமிழ்க் கோப்பில் தேடி எடுத்து, ஊர், எண் போன்றவற்றை அவற்றுக்கான இடத்தில் நிரப்பிக் காட்டும். யூனிட் டெஸ்ட் என்பது இப்படி ஒரு சிறு வேலை சரியாக நடக்கிறதா என்று பார்க்கும் குட்டி நிரல். யாராவது ஒரு வரியை மாற்றினாலும் அது மறுபடி ஓடும்.

தமிழ் வரியை அப்படியே டெஸ்ட்டுக்குள் எழுதி ஒப்பிடத்தான் முதலில் எல்லோருக்கும் தோன்றும். வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் நாளைக்கே ‘பதிவு’ என்பதை ‘முன்பதிவு’ என்று மாற்றினால், எந்தப் பிழையும் இல்லாமலே டெஸ்ட் தோற்றுப்போகும். எழுத்துகூட மாற வேண்டியதில்லை. உலக மொழிகளின் தேதி, எண், நேர வடிவங்களைத் தொகுத்து வைத்திருக்கும் சி.எல்.டி.ஆர். தரவின் 42-ஆம் பதிப்பு 2022 அக்டோபரில் வந்தது. அதில் ஆங்கில நேரத்தில் ‘3:30’-க்கும் ‘பி.எம்.’முக்கும் நடுவே இருந்த சாதாரண இடைவெளிக்குப் பதிலாகக் குறுகிய, உடையாத இடைவெளி ஒன்று வந்து உட்கார்ந்தது. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் நேரத்தை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்ட டெஸ்ட்கள் தோற்றன.

அதனால் பக்கத்தைச் சோதிக்கும்போது மொழியையே விலக்கிவிடுவது நல்லது. பல மொழித் தளங்களுக்கான ஐ18நெக்ஸ்ட் என்ற நிரல் நூலகத்தில் ‘சிஐமோட்’ என்று ஒரு போலி மொழி உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் வாக்கியத்துக்குப் பதில் கீயே திரும்பி வரும். சரியான இடத்தில் சரியான கீ வருகிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

மொழிக் கோப்புகளுக்கு வேறு டெஸ்ட். ஆங்கிலத்தில் உள்ள கீ எல்லாம் தமிழிலும் இருக்கிறதா? நிரப்பும் இடங்கள் ஒத்துப்போகின்றனவா? நிரப்பும் இடத்தைக் காட்ட நெளிவு அடைப்புக்குள் எழுதியிருக்கும் ‘சிட்டி’ என்ற ஆங்கிலச் சொல்லையும் சேர்த்து ‘நகரம்’ என்று மொழிபெயர்த்துவிடுவது அடிக்கடி நடக்கும். அப்புறம் ஊர்ப் பெயர் வராது, அடைப்புக்குறிதான் திரையில் வரும்.

எண்ணிக்கையில் நிதானம் தேவை. சி.எல்.டி.ஆர். ஒருமை, பன்மை என்பதுபோல மொத்தம் ஆறு எண் வகைகள் வைத்திருக்கிறது. அரபுக்கு ஆறும் வேண்டும், ஜப்பானியத்துக்கு ஒன்றே போதும், தமிழுக்கு இரண்டு. ரஷ்ய மொழியில் 21 என்பது 1-ஐப் போல நடந்துகொள்ளும், ஆனால் 11 அப்படியில்லை. ஆகவே ரஷ்ய மொழிக்கு 1, 2, 5, 11, 21 என்று கொடுத்துச் சோதிக்க வேண்டும். தமிழுக்கு 0, 1, 2 கொடுத்துப் பார்த்திருந்தாலே ‘டிக்கெட்கள் பதிவு செய்யப்பட்டது’ யாராவது ஒருவர் கண்ணில் பட்டிருக்கும்.

தமிழ் எழுத்திலேயே ஒரு சிக்கலும் உண்டு. ‘கொ’வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்று, அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. ஒப்பிடும் முன் இரண்டையும் என்.எஃப்.சி. என்ற ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால் தீர்ந்தது. ‘கௌதமன்’ என்பதற்குக் ‘கெ’யும் ‘ள’வும் தட்டி ‘கெளதமன்’ என்று எழுதியிருந்தால் அதுவும் உதவாது. ‘கெ’வுக்குப் பின் ‘ள’ வரவே கூடாது என்று விதி போடலாமா? கெளுத்தி மீனுக்கு அது வேண்டுமே.

சரி, சேலத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் ஊர்ப் பெயருக்கு முன்னால் ‘டு’ என்று ஒரு சொல்லைப் போட்டால் வேலை முடிந்தது, பெயர் மாறாது. தமிழில் உருபு ஏறும்போது பெயரே மாறும்: சேலத்துக்கு, ஈரோட்டுக்கு, தஞ்சாவூருக்கு. நிரப்பும் இடத்தின் முதுகில் ‘க்கு’வை ஒட்டவைத்தால் மதுரை, கோவை, திருச்சி போன்ற பெயர்களுக்கு மட்டும்தான் பொருந்தும்.

இதைப் பிடிக்கப் பெரிய இலக்கண நிரல் எதுவும் தேவைப்படவில்லை. நெளிவு அடைப்பு மூடியவுடன் இடைவெளி இல்லாமல் தமிழ் எழுத்து வந்தால் டெஸ்ட் தோற்க வேண்டும், அவ்வளவுதான். எண்ணுக்குப் பின்னால் வரும் ‘வது’ போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. இப்படி மாட்டும் வரியை மாற்றி எழுதலாம், அல்லது ஊர்ப் பட்டியலிலேயே ‘சேலத்துக்கு’ என்ற வடிவத்தையும் சேர்த்துச் சேமிக்கலாம். பட்டியல் நீளமாக இருந்ததால் நாங்கள் வரியை மாற்றினோம். அந்த டெஸ்ட்டை முதல் தடவை ஓட்டியபோது சேலத்தோடு நிற்கவில்லை, பெயருக்குப் பின்னால் ‘இன்’ ஒட்டியிருந்த இன்னொரு வரியும் மாட்டியது. ‘கண்ணன்இன் பயணம்’ என்று அதுவரை வந்துகொண்டிருந்த இடத்தில் இப்போது ‘பயணி: கண்ணன்’ என்றும், அடுத்த வரியில் ‘செல்லும் ஊர்: சேலம்’ என்றும் வருகிறது.