ஒரே வாரத்தில் இரண்டு ஞாயிறு வந்தால்

போன தை மாதம் ஒரு சனிக்கிழமை மாலை. ஒரு சார் என் மேசை மேல் மஞ்சப்பையைக் கவிழ்த்தார். மாத்திரை அட்டைகள், பாதி காலியான இன்சுலின் பாட்டில், நாலு சிரிஞ்சு, எப்போதோ வாங்கிய காது சொட்டு மருந்து எல்லாம் வந்து விழுந்தன. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது 63. மனைவி டீச்சர், அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். ராமநாதபுரம் மாவட்டம், மண்டபம் ஊர்ப் பக்கம் வீடு. "பதினோரு மாசம் உலகத்தைச் சுத்தப் போறோம் டாக்டர். ரெண்டு பேரும் ஃபிட்னு ஒரு சர்ட்டிபிகேட் கொடுத்தீங்கன்னா போதும்" என்றார்.

(இருவரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆள் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

நம் கடற்கரைக்கு வெளிநாட்டுப் பயணம் ஒன்றும் புதிதில்லை. கீழக்கரைப் பக்கம் வீட்டுக்கு ஒரு சபுராளி, அதாவது வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவர், இருப்பார். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழியும் வரை அங்கே கப்பலேறித் தலைமன்னார் போய்க்கொண்டிருந்தோம். அதற்கும் முன்னால், இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனவர்களை மண்டபம் கேம்பில் நிறுத்தி வைத்து, அம்மை குத்தி, தொற்று இல்லை என்று பார்த்த பிறகுதான் அக்கரைக்கு அனுப்பினார்கள். "கேம்ப்" என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்தப் பெயர் அப்படி வந்ததுதான்.

ஆனால் துபாய்க்கு வேலைக்குப் போகிறவர் ஒரே ஊரில் இருக்கிறார். அங்கே கம்பெனி இன்சூரன்ஸ் உண்டு, பக்கத்து அறையில் ஊர்க்காரர் உண்டு. மாதத்துக்கு ஒரு நாடு என்று நகர்கிற தம்பதிக்கு அவருக்கு இவர், இவருக்கு அவர், அவ்வளவுதான் துணை. அதனால் சர்ட்டிபிகேட் எழுதுவதற்கு முன்னால் ஒரு சின்னப் பரீட்சை வைத்தேன். சாரிடம், "டீச்சர் என்ன மாத்திரை போடுறாங்க?" என்று கேட்டேன்.

"கால்சியம்... அப்புறம் மூட்டு வலிக்கு ஏதோ மஞ்ச மாத்திரை."

டீச்சர் சிரித்தார். அவரிடம், "சார் காலையில எத்தனை யூனிட் போடுறாங்க?" என்றேன். சிரிப்பு நின்றது. "அதெல்லாம் இவங்களே போட்டுக்குவாங்க டாக்டர்."

இப்படிச் சொல்பவர்கள் இந்த ஒரு ஜோடி மட்டுமில்லை. முப்பது நாற்பது வருடம் ஒரே வீட்டில் இருந்திருப்பார்கள், ஒருவர் மருந்து மற்றவருக்குத் தெரியாது. ஊரில் இருக்கும்வரை சமாளித்துவிடலாம். மெடிக்கல்காரருக்கு முகம் தெரியும், எனக்கு ஃபைல் தெரியும். சிலி நாட்டுச் சாண்டியாகோவில் ஒருவர் மயங்கி விழுந்தால் அங்கே பதில் சொல்ல வேண்டியவர் மற்றவர்.

அந்த "மஞ்ச மாத்திரை" மெத்தோட்ரெக்சேட். முடக்குவாதத்துக்குக் கொடுப்பது. வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும். தவறிப்போய்த் தினமும் போட்டால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். டீச்சர் ஞாயிற்றுக்கிழமை போடுகிறார், சரியாகத்தான் போடுகிறார். ஆனால் அவர் காய்ச்சலில் படுத்து, விவரம் தெரியாத சார் அட்டையை எடுத்து வேளாவேளைக்குக் கொடுத்தால்?

இன்னொன்றும் இருந்தது. நியூசிலாந்து முடித்துச் சிலி போவதாகத் திட்டம். நடுவில் கடலில் தேதிக்கோடு வருகிறது, அதைக் கிழக்கே தாண்டினால் நாட்காட்டி ஒரு நாள் பின்னே போகும். ஞாயிறு மாலை ஆக்லாந்தில் விமானம் ஏறினால், அதே ஞாயிறு மதியம் சாண்டியாகோவில் இறங்குவீர்கள். நாட்காட்டியில் ஒரு ஞாயிறு, உடம்புக்கு இரண்டு. மறதியில் மாத்திரையும் இரண்டாகிவிடலாம். "கிழமையைப் பாக்காதீங்க டீச்சர், ஏழு ராத்திரி தூங்கி எழுந்தாச்சான்னு எண்ணுங்க" என்றேன். டைரியில் எழுதிக்கொண்டார்.

அடுத்து சாரின் இன்சுலின். நம் ஊரில் பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. வெளிநாடுகளில் அநேகமாக எங்கும் கிடைப்பது 100 யூனிட் பாட்டில். அதற்குச் சிரிஞ்சு வேறு, மூடி ஆரஞ்சு நிறம். பாட்டில் தீர்ந்துபோய் அங்கே புதிது வாங்கி, கையில் இருக்கும் பழைய சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 20 இல்லை, 50 யூனிட். அன்றைக்கு ராத்திரி சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். அதனால் கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே அவரைப் பேனா ஊசிக்கு மாற்றினேன். பேனாவில் யூனிட்டைத் திருப்பி வைத்துப் போடுவதால் இந்தக் குழப்பம் இல்லை. இப்படி மாற்றுவதை உங்கள் மருத்துவரோடு ஊரில் இருக்கும்போதே செய்யுங்கள், பயணத்தின் நடுவில் வேண்டாம்.

இன்சுலின் எப்போதும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் உறைந்துவிட வாய்ப்பு உண்டு, உறைந்த இன்சுலினைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஃப்ரிட்ஜ் இல்லாத விடுதியில் மண் பானையில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் மருந்தை நனையாமல் சின்ன டப்பாவில் வைக்கலாம். இது நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்புறம் மீட்டர். சில நாடுகளில் சோதித்து "7" என்று காட்டினால் பதறி மிட்டாய் தேடாதீர்கள். அது வேறு அளவுமுறை, 18ஆல் பெருக்குங்கள்: 126.

மஞ்சள் காய்ச்சல் (கொசு பரப்பும் தொற்று, மஞ்சள் காமாலை இல்லை) ஊசியில்தான் திட்டமே மாறியது. கென்யா, பிரேசில் போன்ற நாடுகளிலிருந்து ஆறு நாட்களுக்குள் இந்தியா திரும்புகிறவரிடம் இந்த ஊசிச் சான்று இல்லாவிட்டால், விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்தும் இடத்துக்குக் கொண்டுபோக விதி இருக்கிறது. பழைய மண்டபம் கேம்ப் கதைதான். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும்; 2016 முதல் ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் போதும். எந்த மருத்துவமனையிலும் போட்டுக்கொள்ள முடியாது, அங்கீகாரம் பெற்ற மையத்தில்தான். கிண்டி கிங் நிலையம், சென்னைத் துறைமுக சுகாதார அலுவலகம், தூத்துக்குடித் துறைமுக சுகாதார அலுவலகம் ஆகிய இடங்களில் போடுகிறார்கள். நமக்குப் பக்கம் தூத்துக்குடி, சாயல்குடி வேம்பார் வழியாகப் போய்விடலாம். எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

இது உயிருள்ள கிருமியை வீரியம் குறைத்துச் செய்த ஊசி. மெத்தோட்ரெக்சேட் எடுப்பவருக்கு இந்த வகை ஊசியைப் பொதுவாகத் தவிர்ப்போம். அறுபது தாண்டியவர்களுக்கு அரிதாகக் கடுமையான பின்விளைவு வருவதும் உண்டு, அதையும் எடை போட வேண்டும். மூட்டு மருத்துவரிடம் பேசினேன், டீச்சருக்கு வேண்டாம் என்றார். சான்று இல்லை என்பதைவிட, பாதுகாப்பில்லாத உடம்போடு அந்தக் கொசு இருக்கும் காட்டுக்குள் போவதுதான் எனக்குப் பெரிய கவலை. கென்யா சாரின் இருபது வருடக் கனவு. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நான் மட்டும் ஊசி போட்டுட்டு..." என்று ஆரம்பித்து அவரே நிறுத்திக்கொண்டார். கென்யாவும் பிரேசிலும் போயின. பெரு இருக்கிறது, ஆனால் மலைப்பக்கம் மட்டும். அமேசான் பக்கம் இறங்கக் கூடாது. குஸ்கோ நகரம் 3,400 மீட்டர் உயரம். ராமேஸ்வரத்துக் கெந்தமாதன பர்வதத்தைத் தவிர வேறு மேடு ஏறியிராத நம் ஆட்கள் அங்கே முதல் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருப்பது நல்லது.

மருந்துக் கடிதம் ஆங்கிலத்தில், மருத்துவரின் லெட்டர்ஹெட்டில் இருக்கட்டும். பிராண்டு பெயர் நாட்டுக்கு நாடு மாறும், அதனால் மூலப்பெயரை எழுதச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே பெயர். டிரமடால், கோடீன் கலந்த வலி மாத்திரையும் இருமல் டானிக்கும் அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள், முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் வம்பு. கசகசாவுக்கும் அங்கே தடை, அந்தக் கதை கீழக்கரையில் குழந்தைக்கும் தெரியும். துபாயில் விமானம் மாறினாலும் அதே சட்டம்தான். கருவாடு? ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் சாப்பாட்டுப் பொருள் எதுவானாலும் படிவத்தில் சொல்லிவிட வேண்டும், மறைத்தால் அபராதம். டீச்சர் நெத்திலியை வீட்டிலேயே விட்டுவிடுவதாகச் சொன்னார், அரை மனதோடு.

இன்சூரன்ஸ் என் துறை இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன்: ஏற்கெனவே இருக்கும் சர்க்கரையையும் மூட்டு நோயையும் மறைத்து எடுத்த பாலிசி ஆஸ்பத்திரி வாசலில் கைவிட்டுவிடும். டீச்சருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்த அணுவும் கல்லீரலும் பார்க்க வேண்டும். அதை எந்தெந்த ஊரில் பார்ப்பது என்று டிக்கெட் போடும்போதே குறித்துவிட்டோம்.

போன வாரம் கடைசியாக வந்தார்கள். பேனாவை டீச்சர் கையில் கொடுத்தேன். ஊசி மாட்டி, யூனிட் திருப்பி, இரண்டு யூனிட் காற்றில் விட்டுக் காட்டினார். கை கொஞ்சம் நடுங்கியது. சார் தன் சட்டைப்பையிலிருந்து மடித்த சீட்டை எடுத்து "மெத்தோட்ரெக்சேட், வாரம் ஒண்ணு, மறுநாள் ஃபோலிக் ஆசிட்" என்று வாசித்தார். "பாக்காமச் சொல்லுங்க" என்றார் டீச்சர்.